உப்பில்லாத குழம்பு

கொல்கத்தாக்காரியான என் மருமகள் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைத்த பிறகுதான் சோறு பரிமாறுவாள். அவர்கள் வீட்டு வழக்கம். இன்று பொடியுப்பு தீர்ந்துபோய்க் கல்லுப்பை வைத்தாள். பார்த்ததும், இப்போது ரிசார்ட் சுவருக்குள் போய்விட்ட மரக்காணத்து உப்பளம் எழுபதுகளின் வெயிலோடு வந்து கண்ணைக் கூசவைத்தது.

அங்கே உப்பு வாரிய பெண்கள் தூக்குச்சட்டியில் கொண்டுவரும் எதிலும் உப்பு இருக்காது. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் என் அம்மாவின் மீன் குழம்பு, நூர்ஜகான் அக்காவின் தால்ச்சா, வீட்டில் தெலுங்கு பேசும் சரோஜா அக்காவின் புளிச்சக்கீரை, எல்லாவற்றுக்கும் மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து, கைக்கெட்டிய குவியலிலிருந்து கிள்ளிப் போட்டுக்கொள்வார்கள். திருட்டு என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஒருநாள் மேஸ்திரி வந்து நின்றார்.

"மொதலாளி உப்புல கை வைக்காதீங்க. வச்சா நாளைக்கு வேலை கிடையாது."

அம்மா வெடித்துக் கிடந்த தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

"கை வைக்காம எப்பிடி வார்றதுன்னு நீங்களே வாரிக் காட்டுங்க."

மேஸ்திரி அடுத்த பாத்திப் பக்கம் நடந்துவிட்டார். மறுநாளும் மூன்று தூக்குகள் உப்பில்லாமல் வந்தன.

"உனக்கு பிரஷர் இருக்குதும்மா" என்று என் மகன் தட்டோரத்து உப்பை வழித்தெடுக்கக் கையை நீட்டினான்.

"டேய், அதுல கை வைக்காதே" என்றேன்.