பேர் வெட்டிய தட்டு

எங்கள் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் கிடையாது. கல்யாணத்துக்கு இரவல் போகிற அண்டா வீடு திரும்ப வேண்டுமென்றால் அதில் அப்பா பெயர் இருந்தாக வேண்டும் என்பது ஆத்தாவின் கட்சி.

அறுபத்து நாலில் நான் பட்டாளத்திலிருந்து லீவில் நெற்குப்பைக்கு வந்தபோது பஞ்சாப் சிநேகிதன் ஒருவனையும் கூட்டி வந்தேன். பிரிவினைக் கலவரத்தில் பெற்றவர்களைப் பறிகொடுத்தவன். லீவு கிடைத்தாலும் போக வீடில்லை. இருபது நாள் நன்றாகத் தின்றான், உறங்கினான், ஆத்தாவிடம் உரிமையாக இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான். புறப்படுகிற அன்று பார்த்தால், காரைக்குடிப் பாத்திரக் கடையில் கொடுத்து எங்கள் இருவருடைய பட்டாளத்துத் தட்டிலும் அப்பா பெயரை வெட்டி வைத்திருக்கிறாள்.

"அரசாங்கத் தட்டு ஆத்தா" என்றேன்.

"இருக்கட்டும். மாறிப் போயிரக் கூடாதுல்ல."

இரண்டிலும் ஒரே பெயரை வெட்டினால் மாறாமல் என்ன செய்யும்? அவனுக்கு விளக்கிச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தான்.

மறு வருஷம் சண்டையில் அவன் இறந்தான். தமிழெழுத்தைப் பார்த்துவிட்டு, என் தட்டு என்று நினைத்து அவன் தட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் ஞாபகமாக வேறெதுவும் மிஞ்சவில்லை, ஒரு போட்டோகூட.

எழுபதுகளில் போர் அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேகரிக்க ஓர் அதிகாரி காரைக்குடிக்கு வந்தார். தட்டோடு போனேன். திரும்பும்போது பிள்ளையார்பட்டி போகலாமென்று ஆத்தாவும் வந்தாள். அவன் பெயர் உலகத்தில் ஓரிடத்திலாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

நான் விவரம் சொன்னதும் அதிகாரி தட்டைத் திருப்பிப் பார்த்தார். "உங்க அப்பா பேர்தானே இருக்கு? உங்க தட்டுன்னே எழுதிக்கிறேன்."

"அவன் பேரைப் போடுறதுன்னா எடுங்க. இல்லைன்னா கொடுங்க" என்றேன். எனக்குப் பணிந்து பேச வராது. பட்டாளத்திலேயே அதற்குத் தண்டனை வாங்கியவன்.

"அதுக்கு அவரோட சொந்தக்காரங்க கையெழுத்து வேணுமே."

ஆத்தா முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுப் பேரை வேத்தாளு தட்டுல வெட்டுவேனா? எம்புள்ளைன்னு எழுதிக்கிருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஆமா, என் தம்பிதான்" என்றேன்.

அவன் பெயரை எழுதி, படிவத்தை ஆத்தா பக்கம் நகர்த்தினார். தாயார் என்றிருந்த இடத்தில் அவள் கட்டைவிரலை அழுத்தினாள். அதிகாரி எழுந்து நின்று தட்டை வாங்கிக்கொண்டார்.