விளி, விழி: மைசூருக்கு ஓர் எழுத்தைத் தேடி

வியாழன், காலை 5.15. கோவை காந்திபுரத்திலிருந்து மைசூர் பேருந்து கிளம்பியது. சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர் வழியாகச் சுமார் இருநூறு கிலோமீட்டர். டிக்கெட் இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய். வலப்பக்கச் சன்னலோரம் உட்காரப்போன என்னை நடத்துநர் தடுத்தார்.

“கிளக்கால சீட்டு வேண்டாமுங்க. சத்தி போறவரைக்கும் வெயிலடிக்கும்.”

நல்ல மனிதர். ஆனால் நான் கிளம்பியதே அந்த ‘ள’வின் மேலுள்ள கோபத்தில்தான்.

விஷயம் இதுதான். நானும் என் கூட்டாளி நசீரும் ஒரு சின்னக் கருவி செய்திருக்கிறோம். தடுப்பூசிப் பெட்டிக்குள் குளிர் குறையத் தொடங்கினால், மருந்து கெடுவதற்கு முன்பே செவிலியரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். வடக்கு ஐரோப்பாவில் ஒரு சிறிய நாடு இப்படிப்பட்ட புதிய தொழில்களை அங்கே வந்து தொடங்கச் சொல்கிறது. ஒரு குழு யோசனையைப் பரிசீலிக்கும். தேறினால் தங்கும் அனுமதி கிடைக்கும். நாங்கள் தேறிவிட்டோம். நசீருக்கு அனுமதியும் வந்துவிட்டது. எனக்கு வந்ததோ ஒரு கேள்வி. என் கடவுச்சீட்டில் Kayalvizhi என்றிருக்கிறது, பிறப்புச் சான்றிதழில் Kayalvili என்றிருக்கிறது, இருவரும் ஒருவர்தானா? கருவி புதுமையானது என்று ஒப்புக்கொண்டவர்கள், நான் நான்தானா என்று கேட்டார்கள். பதில் சொல்ல இன்னும் பதினாறு நாள் இருந்தது. திருத்திய சான்றிதழை வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாகப் பெங்களூரில் முத்திரை வைத்து அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள். இரண்டு வருட உழைப்போடு நசீர் மட்டும் விமானம் ஏறுவான்.

தவறு வேறு யாருடையதும் இல்லை, என் அப்பாவுடையது. மைசூரில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஊர் மாறி என்னைக் கோவையில் பள்ளியில் சேர்த்தபோது சான்றிதழுக்கு ஆங்கிலப் பிரதி கேட்டு விண்ணப்பம் எழுதினார். கன்னடத்தில் ‘ழ’ இல்லாததால் மூலத்தில் ‘ளி’ என்றிருந்தது. தினமும் கன்னடம் எழுதிப் பழகிய கை அதைப் பார்த்து அப்படியே ‘li’ என்று எழுதிவிட்டது. ஆசையாக அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். முந்தின நாள் பேசியபோது, “நானேதான் எளுதினேன்மா, என்னைத் திட்டிக்கோ,” என்றார். எப்படித் திட்டுவது? அவரும் ‘எளுதினேன்’ என்றுதான் சொல்கிறார்.

7.50. பண்ணாரி தாண்டி இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிந்தன. ஆசனூரில் பத்து நிமிடம் நின்றார்கள். தேநீர் பதினைந்து ரூபாய், இஞ்சி தாராளம். மூங்கில் மறைவில் யானை தெரிகிறதா என்று எல்லாரும் எட்டிப் பார்த்தோம். தெரிந்தது இரண்டு குரங்குகள்தான்.

சாமராஜநகருக்கு முன்பே பலகைகளில் எழுத்து மாறிவிட்டது. நஞ்சன்கூட்டில் ஆலைக்குப் போகிறவர்கள் இறங்க, வண்டி பாதி காலியானது. மைசூர் புறநகர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது மணி பதினொன்று.

ஸ்டெல்லா ஆன்ட்டி குடையோடு நின்றிருந்தார். அம்மாவுடன் ஒரே வார்டில் பதினோரு வருடம் செவிலியராக இருந்தவர். எனக்கு முழங்கால் சரியில்லை, ஸ்டெல்லாவைப் பிடித்துக்கொள் என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தார். ஓய்வுபெற்று ஏழு வருடமாகியும் ஆன்ட்டியின் நடையில் வார்டு ரவுண்ட்ஸின் வேகம் குறையவில்லை.

“பாரு, குளிர் நாட்டுக்குப் போயி குளிரு விக்கப் போறியாமே,” என்றார். “இருக்கட்டும், மொதல்ல திண்டி. வயித்துல ஒண்ணும் இல்லாம ஆபீசுக்குப் போனா அழுகதான் வரும்.”

இரண்டு மசால் தோசை, இரண்டு காபி. பணம் கொடுக்கப் போன என் கையில் ஒரு தட்டு விழுந்தது.

12.20. பதிவு அலுவலகம். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மாதேவ். நாற்பது வயதிருக்கும். என் கோவைப் பேச்சைக் கேட்டதும் கன்னடத்தை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். சொந்த ஊர் ஹனூர் பக்கமாம்.

“எங்கூர்ல பாதிப்பேரு தமிழ்தானுங்க. ஆனா மேடம், இது பேர மாத்தறதாச்சே. அதுக்குக் கோர்ட் ஆர்டர் வேணுமுங்க. ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

“பேர மாத்தலைங்க. எழுத்துப் பிழையைத் திருத்தணும்.”

“மூலத்துல இருக்கறபடிதான் பிரதி இருக்குது. மூலத்துலயும் ளிதானுங்களே. அப்பறம் பிழைன்னு நான் எப்படி எழுதறது?”

அவர் சொன்னது நியாயம்தான். நசீரிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கூட்டத் தொடங்கிவிட்டேன்.

ஆன்ட்டி சன்னலுக்குள் தலையை நீட்டினார். “மாதேவ், பழைய ரெஜிஸ்டர தெறந்து பாத்தீங்களா, இல்ல கம்ப்யூட்டர்ல பாத்து சொல்றீங்களா?”

“கம்ப்யூட்டர்தான் சிஸ்டர். ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு அல்ல. இவ பொறந்தப்போ அம்மாவுக்கு எழுந்திரிக்க ஆகல. பேரு சொல்ல நான்தான் வந்தேன். அந்தக் கிளார்க் கன்னடத்துல எழுதிட்டு ‘விளி’ன்னு வாசிச்சாரு. ளி இல்ல சார், ழின்னேன். ‘எரடூ ஒந்தே அல்வா சிஸ்டர்’ன்னாரு. எப்படி சார் ரெண்டும் ஒண்ணாகும், விழின்னா கண்ணு, விளின்னா கூப்பிடறது, எங்க பாப்பாவோட கண்ணை எடுத்துடாதீங்கன்னேன். வெளிய பெரிய கியூ. சண்டை போட்டுட்டேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் அவரு எதோ எழுதினாரு. என்னன்னு நெனப்பில்ல. எழுதினாரு, அது மட்டும் நெனப்பிருக்கு.”

மாதேவ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “சாப்பாட்டுக்கு அப்பறம் வாங்க,” என்றார். கிளப்பிவிடும் பேச்சு என்றுதான் நினைத்தேன். நினைத்ததற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

3.10. அவர் சட்டைக் கையெல்லாம் தூசியாக ஒரு பெரிய பதிவேட்டைச் சுமந்து வந்தார். பதிவேட்டின் முதுகுத் துணி கிழிந்திருந்தது. பக்கங்களைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். கன்னடத்தில் என் பெயர், நீல மையில். அதற்கு நேராக, ‘குறிப்பு’ என்ற பத்தியில், தமிழில் ஓர் எழுத்து இருந்தது.

ழி.

எழுதியிருந்தார் என்பதைவிட வரைந்திருந்தார் என்று சொல்ல வேண்டும். வால் தேவைக்கு மேல் நீண்டு, சுழி மறுபடி சுழித்து, அடுத்த வரிக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘zhi’. கீழே அவருடைய சுருக்கக் கையொப்பம்.

“நான்தான் பிளாட்டிங் பேப்பர்ல எழுதிக் காமிச்சேன்,” என்றார் ஆன்ட்டி மெதுவாக. “இப்பதான் நெனப்பு வருது. மூணு தரம் எழுதிப் பாத்தாரு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்றவர் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

மாதேவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கையெழுத்து இருக்குதுங்க. அப்ப மூலத்துலயே ழிதான். பிரதிலதான் பிழை. கோர்ட்டெல்லாம் வேண்டாமுங்க. நாளைக்குக் காலைல வாங்க.” பிறகு ஒரு துண்டுத்தாளை என் பக்கம் தள்ளி, “இத எப்படி எழுதறதுன்னு ஒருக்கா காமிங்க. தமிழ் பேசுவேன், எழுத வராது,” என்றார். எழுதிக் காட்டினேன். அவருக்கும் வால் நீண்டுவிட்டது.

அன்று ஆன்ட்டி வீட்டில் தங்கினேன். அந்தப் பழைய கிளார்க்கின் பெயரை நினைவுபடுத்திப் பார்த்தார், வரவில்லை. அலுவலகத்திலும் யாருக்கும் தெரியவில்லை. நன்றி சொல்ல ஆள் இல்லாமல் நன்றியோடு இருப்பது சங்கடமாகத்தான் இருந்தது.

வெள்ளி, 11.30. சான்றிதழ் கைக்கு வந்தது. Kayalvizhi. பெயரை நான்கு தடவை படித்தேன். முத்திரைக்கு அடுத்த வாரம் பெங்களூர் போனால் போதும். நசீருக்குப் படம் பிடித்து அனுப்பினேன். ‘ஸ்வெட்டர் வாங்கு’ என்று பதில் போட்டான்.

2.00. கோவைப் பேருந்து. ஆன்ட்டி சன்னல் வழியாக மைசூர்பாகு பொட்டலத்தைத் திணித்தார். “அங்க போனா யாரு உன் பேர ஒழுங்கா சொல்லப் போறாங்க?”

இங்கே மட்டும் யார் சொல்கிறார்கள் என்று சிரித்தேன். என் தெருவில் வாளப்பளம் விற்பவரும், பெற்ற அப்பாவும் என்னைக் கயல்விளி என்றுதான் கூப்பிடுகிறார்கள்; கிளக்கால சீட்டு வேண்டாம் என்ற நடத்துநரும் அப்படித்தான் சொல்வார். அந்த எழுத்தை எனக்காகக் காப்பாற்றி வைத்தவர், அதைச் சொல்லவே தெரியாத ஒருவர். வெளியே வரிசை நின்றிருக்க, புது ஊருக்குப் பிழைக்க வந்த ஒரு குடும்பத்தின் குழந்தைக்காக அவர் மூன்று முறை எழுதிப் பார்த்திருக்கிறார். என் அப்பா அம்மாவுக்கு மைசூர் கொடுத்த தங்கும் அனுமதி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

வண்டி நகர்ந்தது. ஆன்ட்டி நடைமேடையிலிருந்து பலமாகக் கூப்பிட்டார், “கயல்விளி, போன் பண்ணு.”

முப்பது வருடத்துக்கு முன்பு ‘ழி’க்காகச் சண்டை போட்டவர். அவசரத்தில் அவருக்கும் அப்படித்தான் வந்தது. நான் தலையை வெளியே நீட்டிக் கையசைத்தேன்.