செல்லம்மாள் சொன்னதும் நான் சொன்னதும்

நான் பொய் சொன்னேன். ஒரு பெண்ணின் முறையீட்டை, அவள் கண்ணெதிரிலேயே, நன்றியாக மாற்றிச் சொன்னேன்!

நாமக்கல் பக்கம் ஒரு சேகோ ஆலையில் நான் மேலாளன். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து ஜவ்வரிசி எடுத்தபின் கழிவுநீர் குளமாகத் தேங்கும். அதிலிருந்து கிளம்பும் வாயுவை வானத்தில் விடாமல், குளத்தையே பிளாஸ்டிக் படுதாவால் மூடிப் பிடித்து எரித்தால் கார்பன் சான்று கிடைக்கும். எங்கோ ஒரு தேசத்து ஆலை அந்தச் சான்றை வாங்கி, தன் நிலக்கரிப் புகைக்கு ஈடாகக் காட்டிக்கொள்ளும். நாட்டின் எரிசக்திக் கொள்கை, உலகச் சந்தை என்று இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. எங்களுக்கோ எல்லாம் அந்தப் படுதாதான்.

ஆடிக்காற்றில் அது கிழிந்தது... குளத்தின் அக்கரையில், அங்கே குடியிருக்கும் செல்லம்மாளின் வீட்டை ஒட்டி.

கிழிசலை ஒட்டவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன்.

சான்று தருவதற்கு முன் சோதித்துப் பார்க்க ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். இக்கரையில் நின்று எரியும் சுடரைப் பார்த்தார், திருப்திப்பட்டார். ஆலை நாற்றம் எது, கிழிசல் நாற்றம் எது என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? அப்போது செல்லம்மாள் வந்தாள்.

"மூச்சு உட முடியலீங்க. மருமவ பச்சைக் கொளந்தையத் தூக்கிக்கிட்டு அவங்கம்மா ஊட்டுக்கே போயிட்டாளுங்க. அந்தப் படுதாவ ஒட்டிக் குடுக்கச் சொல்லுங்க சாமி" என்றாள்.

எங்கள் பக்கத்து மனிதர்களை நீங்கள் அறிவீர்கள். வயிறு எரிந்தாலும் கும்பிட்டு, சிரித்த முகமாகத்தான் பேசுவார்கள். வந்தவர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்.

"ஆலை வந்தபின் நிம்மதியாக இருக்கிறார்களாம், உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றேன், ஆங்கிலத்தில்.

முதலாளி சொல்லச் சொன்னாரா? இல்லை! கண்சாடைகூடக் காட்டவில்லை. பிறகு ஏன் சொன்னேன்? வேலைக்குப் பயந்தா? வந்தவர் முன் நல்ல பேர் வாங்கவா? எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். எந்தப் பதிலும் என்னைக் காப்பாற்றவில்லை.

அவர் நெகிழ்ந்துபோய்ச் செல்லம்மாளைக் கைகூப்பி வணங்கினார். தன் குறை அவர் காதில் விழுந்துவிட்டதென்று அவள் கண்கலங்கினாள். நடுவில் நான்!

சான்று வந்தது, விற்றும்போனது. சான்றுதான் வந்துவிட்டதே, இனிப் படுதா எதற்கு என்கிறார் முதலாளி. வாங்கியவர்களுக்கு உண்மையை எழுதலாம் என்று, சான்றை விற்றுக்கொடுத்த தரகரைப் போனில் கூப்பிட்டேன். விற்றது விற்றதுதான் என்று போனை வைத்துவிட்டார். எங்கள் பேரைச் சொல்லி அங்கே எரிந்த நிலக்கரியை நான் எங்கே போய் அணைப்பேன்? என் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஒரு கிழிசல். அதைக்கூட ஒட்ட வழியில்லாத மேலாளன் நான்...

நேற்று செல்லம்மாள் வாசலில் நின்றாள்.

"எனக்காக அன்னிக்கு அவ்வளவு எடுத்துச் சொன்னீங்களே சாமி... படுதா எப்பங்க ஒட்டுவாங்க?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியிலேயே அவள் காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும்!

"சீக்கிரம் ஒட்டிருவாங்க அக்கா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அங்கேயே நின்று மருமகளுக்குப் போன் போட்டாள். "ஒட்டிருவாங்களாம் கண்ணு, மேனேஜரே சொல்லிட்டாரு. கொளந்தையத் தூக்கிக்கிட்டு இன்னிக்கே வந்துரு."

நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். இன்று காலை அவள் வீட்டுக் கொடியில் குழந்தைத் துணிகள் காய்கின்றன.