எல்லைக் கோட்டையில் ஒரு வரி

லண்டனில் எங்கள் கோயில் பங்கின் தமிழ் இளையோர் குழு ஒவ்வொரு கோடையிலும் ஒரு பயணம் போகும். பெரும்பாலும் கடற்கரை, இல்லாவிட்டால் ராட்டினங்கள் நிறைந்த ஏதாவது ஒரு பூங்கா. பொறுப்பாளராக நான் கூடப் போவேன். விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. அந்த வார இறுதிக்கு ஷிப்ட் மாற்ற ஆள் தேடுவதே ஒரு தனி வேலை. அந்த வருடம் கடற்கரை வேண்டாம் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். குழுத் தலைவியாக இருந்த பதினாறு வயதுப் பெண் வரலாறு படிப்பவள். ரோமர்கள் இந்தப் பிரித்தானியத் தீவின் வடக்கே தங்கள் எல்லையைக் காக்கக் கட்டிய கோட்டைகளில் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து பேசி, படங்கள் காட்டி, மற்றப் பதின்மூன்று பேரையும் தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

எனக்கு அதில் விருப்பமில்லை. நான் இலங்கையில், மன்னாரில் வளர்ந்தவள். பாலத்தைக் கடந்து தீவுக்குள் வரும் இடத்தில் எங்களுக்கும் ஒரு கோட்டை இருந்தது. போர்க்காலத்தில் அதற்குள் ஆமி முகாம் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்க வேண்டும். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நிமிர்ந்து பாராதை" என்பார். அதனால் அந்தக் கோட்டை மதில் எவ்வளவு உயரம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் அடிக்கற்களை மட்டும்தான் தெரியும்.

மினிபஸ் ஓட்டிக்கொண்டு வந்த அண்ணைக்கும் அதே மனநிலைதான். அவர் யாழ்ப்பாணத்துக் கரையோரத்தவர், ஹவுன்ஸ்லோவில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். அறுபதைத் தாண்டியவர். மனைவி இறந்து நான்கு வருடம். அதற்குப் பிறகு ஆள் பேச்சைக் குறைத்துவிட்டார். ஆனால் பங்கில் யார் கேட்டாலும் வாகனம் ஓட்ட வந்துவிடுவார்.

"கோட்டை பாக்கவோ இவ்வளவு தூரம் ஓடுறம், தங்கச்சி?" என்றார், வண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும்.

"பிள்ளையள் ஆசைப்பட்டிட்டினம் அண்ணை."

"எங்களைக் கேட்டால் சொல்லியிருப்பம், கோட்டைக்குள்ள என்ன இருக்குமெண்டு."

பின்னால் பிள்ளைகள் மீன் ரோல்ஸ் பெட்டியை முதல் ஒரு மணி நேரத்திலேயே முடித்துவிட்டு, நியூகாசில் வரும்வரை ஆங்கிலப் பாட்டும் தூக்கமுமாக இருந்தார்கள்.

காடும் மலையுமாக ஓர் இடத்தை நான் எதிர்பார்த்திருந்தேன். கோட்டை இருந்ததோ சாதாரணமான செங்கல் வீடுகளின் நடுவே. ஒரு தெருவில் குப்பைத் தொட்டிகளை வெளியே வைத்திருந்தார்கள். ஒரு வீட்டு ஜன்னலில் பூனை படுத்திருந்தது. அந்தத் தெரு முடிந்த இடத்தில், இரண்டு வளைவுகளோடு, மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கல் வாசல் எழுந்து நின்றது. பழைய அத்திவாரத்தின் மேல் அதைத் திரும்பக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டு அதற்குள் ஓடினார்கள். யாரும் அவர்களை மறிக்கவில்லை. நான் வாசலுக்கு வெளியே நின்று, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, உச்சிவரை பார்த்தேன். கழுத்து நோகும்வரை பார்த்தேன். ஒரு கோட்டையை அப்படி நிமிர்ந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

மேலே ஏறியபோது காற்று ஆளைத் தள்ளியது. டைன் ஆறு கடலோடு கலக்கும் இடம் முழுவதும் கீழே தெரிந்தது. அங்கே வேலை பார்க்கும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்திருந்தார். கையில் தாள் இல்லை, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ரோமர்களின் எல்லைச் சுவர் நெடுகிலும் காவல் நின்ற படைகளுக்கான தானியம் கப்பலில் வந்து இந்த ஆற்று வாயிலில்தான் இறங்கியது என்றார். கீழே வரிசை வரிசையாகத் தெரிந்த கல் தளங்கள் எல்லாம் களஞ்சியங்கள். ஈரம் ஏறாமல் இருக்கத் தரையைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். பிறகு அவர் சொன்னார், ஒரு காலத்தில் இங்கே காவல் இருந்தவர்கள் டைகிரிஸ் ஆற்றிலிருந்து வந்த படகுக்காரர்கள் என்று.

"ஈராக்கில இருந்தோ?" என்று அண்ணை என்னைக் கேட்டார்.

"ஓம், அப்பிடித்தான் சொல்லுறா."

அவர் ஆற்றைப் பார்த்தார். சாம்பல் நிறத் தண்ணீர், சாம்பல் நிற வானம், ஆனி மாதத்திலும் ஜாக்கெட் இல்லாமல் நிற்க ஏலாத குளிர். "இந்தக் குளிருக்கை வந்து தோணி வலிச்சிருக்கிறாங்கள்," என்றார் மெதுவாக. அவருடைய தகப்பன் தோணிக்காரர் என்பது எனக்குத் தெரியும். அன்று காலையிலிருந்து அவர் முகத்தில் இருந்த சலிப்பு அந்த இடத்தில்தான் கழன்றது.

அருங்காட்சியகம் சிறியது. செருப்புகள், காசுகள், உடைந்த சட்டிகள். பிள்ளைகள் ஒவ்வொன்றையும் படம் எடுத்தபடி முன்னே போனார்கள். தலைவிப் பெண் மட்டும் ஒரு பெரிய கல்லின் முன்னால் நின்று எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அங்கிள், இஞ்ச வாங்கோ. இந்தக் கல்லை வைச்சவர் யாழ்ப்பாணமோ? பல்மைரா எண்டு போட்டிருக்கு."

பனைமரத்துக்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல்தான் அவளுக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கம் சொன்ன அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்தார். அது சிரியாவில் உள்ள ஒரு நகரம், பாலைவனத்தின் நடுவே பேரீச்சை மரங்கள் நின்ற ஊர் என்றார். பிறகு அந்தக் கல்லின் கதையைச் சொன்னார். பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சுற்றி நின்றார்கள்.

அது ஒரு பெண்ணின் கல்லறைக் கல். பிரம்பு நாற்காலி ஒன்றில் நீளமான உடையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் நூல் நூற்கும் கோல். ஒரு பக்கம் கம்பளி உருண்டைகள் நிறைந்த கூடை, மறுபக்கம் நகைப் பெட்டி. முகத்தை மட்டும் காணவில்லை, எப்போதோ சிதைந்து போயிருந்தது. அவள் லண்டனுக்கு வடக்கே இருந்த ஒரு குலத்தைச் சேர்ந்தவள். அடிமையாக இருந்தவளை விடுதலை செய்து மணந்துகொண்டவன் அந்தச் சிரியாக்காரன். முப்பது வயதில் அவள் இறந்துபோக, அவன் இந்தக் கல்லை நாட்டினான். ஆயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது.

"கீழே பாருங்கள்," என்றார் அந்த அம்மா.

லத்தீன் எழுத்துகள் மேலே மூன்று நான்கு வரிகளில் இருந்தன. அவற்றில் பிழைகள் உண்டு, செதுக்கிய கைக்கு லத்தீன் அவ்வளவு பழக்கமில்லை என்றார். எல்லாவற்றுக்கும் அடியில் வேறு மாதிரி ஒரு வரி ஓடியது. வளைந்து, சரிந்து, தடுமாற்றமே இல்லாமல் போகும் எழுத்து. அது அவனுடைய சொந்த மொழி. அதில் அவளுடைய பெயரும், அவனால் விடுதலை பெற்றவள் என்பதும், கடைசியில் துக்கத்தில் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லும் இருக்கிறதாம். அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தலைவிப் பெண் என்னைப் பார்த்தாள்.

அண்ணைதான் சொன்னார். "ஐயோ எண்டு எழுதியிருக்கிறான், பிள்ளை."

காலையிலிருந்து கைபேசியை விடாத பையன்கள்கூட அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒரு கல்லின் முன்னால் அப்படி அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை. அந்த ஊரில் அந்த எழுத்தை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்று அண்ணை பெண்ணின் மூலம் கேட்டார். மிகச் சிலர், ஒருவேளை ஒருவரும் இல்லை என்றார் அந்த அம்மா.

"பிறகு அவனுக்கு என்ன நடந்தது? அதையும் கேள்."

உறுதியாகத் தெரியாது என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தொடர்ந்தார். ஆற்றோடு மேலே போனால் இன்னோர் ஊரில் ஒரு கல் கிடைத்திருக்கிறது. அதே நகரத்தைச் சேர்ந்த ஒருவர், அறுபத்தெட்டு வயதில் இறந்தவர். அது இவன்தான் என்று சிலர் நினைக்கிறார்கள், இல்லை என்பவர்களும் உண்டு. அந்தக் கல்லில் இருப்பது லத்தீன் மட்டும்.

பெண் அதைத் தமிழில் சொல்லி முடித்தாள். அண்ணை கல்லின் கடைசி வரியை மறுபடி குனிந்து பார்த்தார்.

"அவனுக்கு எழுத ஆள் இல்லாமல் போச்சு," என்றார்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் வெளியே புல்லில் உட்கார்ந்து பாணும் சீனிச்சம்பலும் சாப்பிட்டோம். அரைமணி நேரத்துக்குப் பிறகுதான் வந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் எழுந்து போகும்வரை காத்திருந்து, பேசத் தொடங்கினார்.

மனைவியின் கல்லறையில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பிறந்த தேதி, இறந்த தேதி, அன்பான மனைவி, அன்பான தாய். அவருடைய பிள்ளைகள் எழுதிக் கொடுத்தது. ஒரு வரி தமிழில் வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். கல் வெட்டுபவரிடம் தமிழ் எழுத்து இல்லை, இடுகாட்டு ஒப்பீஸில் மொழிபெயர்ப்புக் கேட்டார்கள். அந்த நேரத்தில் ஓடித்திரிய மனம் இல்லாமல் விட்டுவிட்டார்.

"அதில அவவின்ர பேர் இருக்கு. ஆனா நான் முப்பத்தொரு வருசத்தில ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தங்கச்சி. அங்க போய் நிண்டால் ஆரோ ஒரு ஆளின்ர கல்லுக்கு முன்னால நிக்கிற மாதிரி இருக்கு."

"என்னெண்டு கூப்பிடுவீங்கள்?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு தேவையில்லாத கேள்வி என்று புரிந்தது. எங்கள் வீடுகளில் கணவர்மார் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் பதில் சொன்னார்.

"இஞ்சாரும் எண்டுதான்."

லண்டனுக்குத் திரும்பியதும், அந்தச் சொல்லை மனைவியின் கல்லில் வெட்ட வேண்டும் என்று நின்றார்; பிறகு நடந்ததெல்லாம் அவருடைய பிடிவாதத்தால் நடந்தது. நானும் தலைவிப் பெண்ணும் துணைக்கு நின்றோம். இடுகாட்டுப் படிவத்தில், சேர்க்கப்படும் சொற்களின் ஆங்கிலப் பொருள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு முன்னால் மூவரும் ஒரு முழுச் சனிக்கிழமை உட்கார்ந்திருந்தோம். 'இங்கே பார்' என்று எழுதினால் யாரையோ அதட்டுவதுபோல் இருந்தது. 'கொஞ்சம் கேள்' என்றாலும் சரிவரவில்லை. கடைசியில் பெண், கணவன் மனைவியைக் கூப்பிடும் சொல் என்று எழுதி அனுப்பினாள். பதில் வருமோ என்று ஒரு மாதம் பார்த்திருந்தோம். அனுமதி வந்தது.

கல் வெட்டுபவருக்கு அனுப்பிய தமிழ் எழுத்து அவருடைய கணினியில் வெறும் கட்டங்களாக விழுந்தது. இரண்டாம் முறை அனுப்பியபோது புள்ளி எழுத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றது. "நான் கையால எழுதித் தாறன்," என்று அண்ணை ஒரு வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் எழுதினார். ஏழெட்டுத் தாள் எழுதிக் கிழித்தார். அவருடைய கையெழுத்தில் 'ஞ்சா' கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்வோடுதான் கல்லில் ஏறியது.

கிங்ஸ்பரியில் இருந்த அவருடைய மகள்தான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா, பாக்கிற ஆக்கள் சிரிப்பினம். ஒரு வேத வசனம் போடுங்கோவன்," என்று தொலைபேசியில் சொன்னாள். அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"நான் அப்பிடிக் கூப்பிட்டால் அம்மா என்ன சொல்லுவா எண்டு ஞாபகம் இருக்கே?" என்றார்.



"என்னப்பா எண்டுவா," என்றாள் மகள். அதற்குப் பிறகு அவள் எதிர்ப்புச் சொல்லவில்லை.

கார்த்திகை மாதத்தில் பங்கிலிருந்து எல்லோரும் இடுகாட்டுக்குப் போய்க் கல்லறைகளை ஆசீர்வதித்து மந்திரிப்பது வழக்கம். அந்த வருடம் பிள்ளைகள் பதினான்கு பேரும் வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை, தாங்களாகவே வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. விமானங்கள் தாழப் பறந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒரே மாதிரியான கறுப்புக் கற்களும் ஒரே மாதிரியான ஆங்கில வரிகளும் நிறைந்த அந்த வரிசையில், ஒரு கல்லின் அடியில் மட்டும் ஒரே ஒரு தமிழ்ச் சொல் இருந்தது. நான் அதற்கு முன் எத்தனையோ தடவை கேட்ட சொல். சமையலறைகளில், கடைகளில், கோயில் வாசலில், கணவர்மார் யாரும் யோசிக்காமல் சொல்லும் சொல். கல்லில் பார்த்தபோது வாசிக்கவே பயமாக இருந்தது, அவ்வளவு பெரியதாகத் தெரிந்தது.

பங்குச் சாமியார் தண்ணீர் தெளித்துச் செபம் சொல்லி அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். பிள்ளைகள் நகரவில்லை. மகள் தன் சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணை குனிந்து, எழுத்துகளின் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரை விரலால் ஒவ்வொன்றாக வழித்துவிட்டார். திரும்பவும் நிறைந்தது. திரும்பவும் வழித்தார். நாங்கள் குடைகளை விரித்து அவரைச் சுற்றி நின்றோம்.