காக்கை வராத அமாவாசை

"கார்த்திகை அமாவாசை, வியாழன். விடியலிலிருந்து மழை. அக்கா வயலில் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். இன்று முகத்துவாரம் வெட்டுகிறார்கள்."

2005ஆம் ஆண்டுத் தினக்காட்டியின் தாள் ஒன்றில் நான் எழுதி வைத்த குறிப்பு இது. அன்றன்றைய மழை, காற்று, ஊர்ச் செய்தி ஆகியவற்றைத் தாளின் பின்புறத்தில் எழுதிக் கட்டி வைப்பது என் பழக்கம். இந்தக் குறிப்பைக் காலையில் எழுதினேன். மாலையில் அதோடு எதையும் சேர்க்கவில்லை.

அக்காவின் வயல் மரக்காணத்தில் உப்பளங்களுக்குப் பின்னால் இருந்தது. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது, உப்பங்கழி வழியாக ஏறிய தண்ணீர் அந்த வயலிலும் நின்றது. வடிந்த பிறகு மண்மேல் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. அந்த ஆடியில் விதைத்த நெல் முளைத்து, ஒரு விரல் உயரம்கூட வராமல் நுனி கருகியது. அக்காவின் கணவரான மாமாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. உப்பு விளைகிற மாதங்களில்தான் கூலி கிடைக்கும். மழை தொடங்கினால் உப்பளம் மூடிவிடும், அப்புறம் தை பிறக்கும்வரை வீட்டில் சோறு அந்த வயலிலிருந்துதான் வரவேண்டும்.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்தவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து மழைதான் என்றார். வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்குங்கள், உப்பு கரைந்ததும் மடையைத் திறந்து வடியுங்கள், மறுபடியும் தேக்குங்கள் என்றார். மாமா சிரித்தார். வாழ்நாள் முழுக்க அவர் செய்துவந்த வேலை தண்ணீரைத் தேக்கி உப்பு எடுப்பது. இப்போது தண்ணீரைத் தேக்கி உப்பைப் போக்கவேண்டும்.

ஐப்பசியில் மழை வேண்டிய மட்டும் பெய்தது. வரப்பை முழங்கால் உயரத்துக்கு ஏற்றியிருந்தார்கள். தண்ணீர் நிற்கும், மாமா காலால் சேற்றைக் கலக்குவார், கால்வாயில் தண்ணீர் இறங்குகிற நேரம் பார்த்து மடையைத் திறப்பார். நான் பெருமுக்கல் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் மாமா தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்து, "நல்லா ஆயிடுச்சி மச்சான்" என்பார். அக்கா நம்பமாட்டாள்.

"அது நாக்கா? உப்பளத்துல ஊறி மரத்துப்போன கட்ட. எங்கொழம்புல எவ்ளோ உப்பு போட்டாலும் பத்தலன்னு சொல்ற ஆளு நீ. நகுரு, நான் பாக்கறேன்."

அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு, இன்னும் ஒரு தேக்கு வேணும் என்பாள். அவள் சொன்னதுதான் கணக்கு. கார்த்திகையில், அமாவாசைக்கு முந்தைய ஞாயிறன்று, அவள் நாக்கில் வைத்த தண்ணீரைத் துப்பாமல் விழுங்கினாள். எங்கள் கிணற்றடியில் அவளுக்காக நாற்று விட்டிருந்தேன். பட்டம் பிந்திவிட்டாலும் அமாவாசை கழிந்ததும் நடலாம் என்று பேசிக்கொண்டோம்.

அதற்குள் மேற்கே ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்தன. அந்தத் தண்ணீர் முழுவதும் கழுவெளிச் சதுப்பில் வந்து சேர்ந்து, அங்கிருந்து உப்பங்கழிக்கு இறங்கியது. கடலுக்குப் போகிற வாயை மணல் அடைத்திருந்தது. அக்கா வீடு இருந்த உப்பளத் தொழிலாளர் தெருவில் வீடுகளுக்குள் கணுக்காலளவு தண்ணீர். அறுவடை செய்து குவித்து, கீற்று மூடி வைத்திருந்த உப்பு அம்பாரங்களின் அடி கரைந்துகொண்டிருந்தது. அக்கா வயலின் வரப்புக்கு வெளியே தண்ணீர் ஏறி, வரப்பின் மேல்விளிம்புக்குச் சற்றே கீழே நின்றது.

மணலை வெட்டி வாயைத் திறப்பது என்று முடிவானது. உப்பள முதலாளிகளும் விவசாயிகளும் ஒரே பேச்சாக இருந்ததை நான் முதல்முறை பார்த்தேன். ஜேசிபி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது சாலை ஓரத்து மணலில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. ஆட்கள்தான் வெட்டவேண்டும். அமாவாசையன்று யாரும் கூலிக்குப் போகமாட்டார்கள், ஆள் சேரும் என்று அந்த நாளைக் குறித்தார்கள்.

அமாவாசையன்று கடல் பகலில் நன்றாக உள்வாங்கும், பொழுது சாய்ந்ததும் நன்றாக ஏறும். இதை அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பளத்துக்குக் கடல்தண்ணீர் எடுப்பதே அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான். ஆகவே முன்பகலில் வெட்ட ஆரம்பித்து, கடல் இறங்கியிருக்கும்போதே வாயைத் திறந்து தண்ணீரை வடித்து, கடல் ஏறுவதற்குள் மணல் மூட்டை போட்டு அடைத்துவிடுவது என்று ஏற்பாடு. படையல் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தத் தெருவில் முந்தைய டிசம்பரில் ஆள் போகாத வீடு குறைவு. மாமாவின் தம்பி மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவன், திரும்பவில்லை. படையலை விட்டுவிட்டு வா என்று யாரும் யாரிடமும் கேட்கமுடியாது.

அக்கா சமைத்துப் படைத்தாள். இலையில் சோறு, பருப்பு, மாமாவின் தம்பிக்குப் பிடித்த வடை. ஒரு பிடியைக் காக்கைக்காகக் கூரை விளிம்பில் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். காக்கை எடுத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடவேண்டும், அதன் பிறகுதான் வேறு வேலை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காக்கையும் வரவில்லை.

சோறு கரைந்து ஒழுகியது. அக்கா வேறு பிடி வைத்து, மேலே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டிலும் ஒரு பெண் அதேபோல் முறத்தைத் தூக்கிப் பிடித்து நின்றாள். தெரு முழுக்க கா கா என்று மனிதக் குரல்கள்தான் கேட்டன. தெருமுனையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டுக் கேட்டார்.

"ஏம்பா, இன்னும் ஆவலயா?"

"காக்கா வரலப்பா."

"எங்கூட்டுக்கும் வரல."

மாமா மம்பட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வாசல் திண்ணைமேல் குந்தியிருந்தார். அக்கா திரும்பாமலே சொன்னாள்:

"உந்தம்பி உசுரோட இருந்தப்பவே கூப்ட்ட நேரத்துக்கு சோத்துக்கு வரமாட்டான். இப்ப மட்டும் வந்துடுவானா?"

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா தணிந்த குரலில் சொன்னாள்: "தண்ணி ஏற ஆரம்பிச்சிடும்யா."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் ஒக்காந்துனு இருக்கியா?"

"அவன பட்டினி போட்டுட்டு மம்பட்டி தூக்கச் சொல்றியா?"

அக்கா குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். இப்படிப்பட்ட நம்பிக்கைகளைப் பற்றி நான் புத்தகங்களில் படித்தது எதுவும் அந்த வாசலில் எடுத்துச் சொல்லத் தகுந்ததாக இல்லை. நானும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் மழை சற்றுத் தணிந்தபோது, இறக்கை ஒட்டிப்போன ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. சோற்றைத் தொடாமல் வடையைக் கவ்விக்கொண்டு போயிற்று. அது போதும் என்று எல்லாரும் அவசரமாக நாலு வாய் தின்றுவிட்டு ஓடினார்கள். நானும் போனேன்.

வெட்டுவது சுலபமாகத்தான் இருந்தது. மணல் ஊறியிருந்தது. இன்னொரு நாள் தள்ளினால் வரப்பே மூழ்கிவிடும் என்று யாரும் நேரம் பார்க்கவில்லை. பொழுது சாய்கிற வேளையில் கடைசித் திட்டை உடைத்ததும் உப்பங்கழித் தண்ணீர் பழுப்பாகக் கடலுக்குள் பாய்ந்தது. சிலர் தலைத்துண்டை அவிழ்த்து வீசினார்கள். உப்பு அம்பாரத்திலிருந்து பிய்ந்து வந்த கீற்று ஒன்று எங்களைத் தாண்டிக் கடலை நோக்கிப் போனது. போன கீற்று கொஞ்ச தூரத்தில் நின்றது. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு எங்களை நோக்கித் திரும்பி வந்தது.

 நாங்கள் வெட்டிய வழியாகக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. காற்றும் கரையை நோக்கித்தான் அடித்தது. மணல் மூட்டை போட்டு மறுபடி அடைக்கப் பார்த்தார்கள். மூட்டைகள் உருண்டு உள்ளே போயின. வெட்டிய வாய் இரண்டு பக்கமும் தானாகவே அகன்றது. மாமா மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். இருட்டுவதற்குள் வயலைப் பார்க்கவேண்டும் என்றார். நாங்கள் போனபோது எது வயல், எது உப்பளம், எது கழி என்று தெரியவில்லை. மடை இருந்த இடத்தில் நட்டிருந்த குச்சியின் நுனி மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை அக்கா இடுப்பளவு தண்ணீரில் குச்சி வரைக்கும் நடந்தாள். ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள். மாமாவைப் பார்த்தாள்.

"இந்தா, நீ கொழம்புக்குக் கேக்கற அளவு."

அதற்குப் பிறகும் மழை விடவில்லை. முந்தைய ஆண்டு நிவாரணமாக வந்த நீலத் தார்ப்பாயைக் கூரையோரம் கட்டி, அதன் கீழே அக்கா டிரம் வைத்திருந்தாள். அது நிரம்பி வழிந்து தெருத்தண்ணீரில் கலந்துகொண்டே இருந்தது. வேண்டிய நல்ல தண்ணீர் வானத்திலிருந்து விழுந்தது. பிடித்து வைக்க வரப்பு இல்லை. வெள்ளம் வடிந்து, வரப்பு வெளியே தெரிந்து, அதை அடைத்து முடித்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. எங்கள் கிணற்றடியில் நாற்று முற்றிப் பழுத்தது. என்ன செய்யட்டும் என்று சொல்லியனுப்பினேன். வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். எடுத்துப்போனவர்கள் போக மீதியை மாடு தின்றது. தையில் மாமா எப்போதும்போல உப்பளத்துக்குப் போனார். அக்காவும் அவரோடு உப்பு வாரப் போனாள். அதற்குமுன் அவள் உப்பளத்தில் இறங்கியதில்லை.

2006இல் மாமா என்னிடம் ஒரே ஒரு கேள்வியைப் பலமுறை கேட்டார்: "காக்கா வர்றதுக்குள்ள வெட்டியிருந்தா வயல் நின்னிருக்குமா மச்சான்?"

வடக்கே இதே கழியின் கரையில் இன்னோர் இடத்தில் மணல் அன்று நண்பகலிலேயே தானாக உடைந்துவிட்டது என்று உப்பு லாரி ஓட்டுநர் ஒருவர் சொல்லியிருந்தார். அது உண்மையானால், நாங்கள் எந்த நேரத்தில் வெட்டியிருந்தாலும், வெட்டாமலே இருந்திருந்தாலும், பொழுது சாய்ந்ததும் கடல் அந்த வழியாக வயலுக்கு வந்திருக்கும். மாமாவிடம் சொல்ல எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. அதற்காக இரண்டு மீனவக் குப்பங்களில் விசாரித்தேன். ஒரு குப்பத்தில் அமாவாசையன்று உடைந்தது என்றார்கள். இன்னொன்றில் அதற்கும் மறுநாள்தான் என்றார்கள். நேரில் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

வடக்கே மணல் உடைந்த நாள் எது என்பது இதுவரை உறுதியாகவில்லை. மாமாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.