கூட்டத்திலிருந்து ஒரு தமிழ்க் குரல்

எண்பதுகளின் நடுவில் நான் மல்காஜ்கிரியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பெரிய பொதுத்துறை எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. டிப்ளமோ முடித்து டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் தெலுங்கு, பஸ்ஸில் உருது கலந்த இந்தி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச். இதற்கெல்லாம் நடுவில் எனக்கு ஹெவி மெட்டல் பைத்தியம்.

வேகமான பாட்டுகளை எல்லாருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடித்தவை மெதுவானவை. கிட்டாரின் ஒரே கம்பியை அடித்துவிட்டு அந்த அதிர்வு அடங்கும்வரை காத்திருப்பார்களே, அது. பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் ஓடும் பாட்டுகள். காப்பிக்குக் காப்பி எடுத்துத் தேய்ந்துபோன கேசட்டுகளில்தான் கேட்பேன். அம்மா சமையலறையிலிருந்து, "இழவு வீட்டு மேளம்கூட இதைவிட வேகமா அடிப்பாவ. அந்தச் சனியன நிறுத்துல" என்பாள்.

கேசட்டில் கேட்பது வேறு, நேரில் கேட்பது வேறு என்று எனக்குக் காட்டியவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த ஒரு அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அரக்கோணம் பக்கத்துக் குடும்பம், அவருடைய அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள். அவரும் அவரோடு வேலை செய்த மூன்று பேரும் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். ரயில்வே காலனி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹவுசி என்கிற நம்பர் ஆட்டம் முடிந்து பெரியவர்கள் கலைந்ததும், இவர்கள் மேடையேறுவார்கள்.

முதல் முறை போனபோது கேட்பதற்கு மொத்தம் பதினோரு பேர் இருந்தோம். அண்ணனின் கிட்டார் கம்பிகள் தளர்ந்து தொங்கின. புதுக் கம்பி கிடைப்பது கஷ்டம், முறுக்கினால் அறுந்துவிடும், அதனால் தளர்த்தியே வைத்திருந்தார். அதிலிருந்து வந்த சத்தம் காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வந்தது. மேடைப் பலகை அதிர்ந்தது, என் பல் அதிர்ந்தது. பழைய நீராவி எஞ்சின் ஒன்றை வெட்டிப் பழைய இரும்பாக்குவதைப் பற்றி அவரே எழுதிய பாட்டு அது. ஆங்கில வார்த்தைகள், அரக்கோணத்து உச்சரிப்பு. டிரம்ஸ்காரர் சம்மட்டி போடுவதுபோல நிதானமாக அடித்தார். நடுவில் கிட்டார் மட்டும் தனியே ஐந்து நிமிடம் சுழன்று சுழன்று எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தேன். முடிந்தபோது என் சட்டை நனைந்திருந்தது.

அதன்பிறகு ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை. எப்போதும் முதல் வரிசை. அண்ணனுக்குச் சத்தம் இன்னும் கரகரப்பாக வேண்டுமென்றார். கோட்டி கடைத்தெருவில் டிரான்சிஸ்டர்களும் மற்ற உதிரிகளும் வாங்கி, அலுமினிய டிபன் டப்பா ஒன்றுக்குள் சர்க்யூட் வைத்து, காலால் மிதித்தால் கிட்டார் உறுமுகிற மாதிரி செய்து கொடுத்தேன். முதல் முறை அதை மிதித்ததும் அண்ணன் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். "தம்பி, ரயிலே வருது!" என்றார்.

இதையெல்லாம் நான் தொழிற்சாலையில் யாரிடமும் உள்ளபடி சொல்லவில்லை.

அங்கே கேன்டீனில் சில இளம் எஞ்சினியர்களுடன் உட்கார ஆரம்பித்திருந்தேன். டெல்லி, பெங்களூர் என்று பெரிய ஊர்களில் படித்தவர்கள். டெக்னீஷியன்கள் உட்காரும் மேஜை வேறு. ஆனால் மெட்டல் இசை பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்குத் தெரியாது என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நாற்காலிக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தேன். காலனி ஹாலில் பார்த்ததையெல்லாம் பெங்களூரில் பார்த்ததாகச் சொன்னேன். பலகை அதிர்ந்ததும் பல் அதிர்ந்ததும் உண்மை. இடம் மட்டும் பொய். வாசித்தவர்கள் வெளிநாட்டுக் கருவிகள் வைத்திருந்தார்கள், நீளமாக முடி வளர்த்திருந்தார்கள் என்று அளந்தேன். அவர்கள் சாப்பாட்டை மறந்து கேட்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அண்ணன் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊருக்குள் ஒரு கல்லூரி விழாவில் பேண்டு போட்டி, இவர்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை மதியம்.

"நீ முன்னாடியே நிக்கணும் தம்பி. டப்பா ஏதாச்சும் மக்கர் பண்ணா நீதான் மேல ஏறி வரணும். எனக்கு அதுக்குள்ள என்னா இருக்குதுன்னே தெரியாது."

"நான் இருக்கேன்ணே" என்றேன்.

மறுநாள் கேன்டீனில் எஞ்சினியர்களும் அதே விழாவைப் பற்றித்தான் பேசினார்கள். நீயில்லாமல் எப்படி என்று என்னையும் இழுத்தார்கள். முதலில் இவர்களுடன் உட்காருவது, அண்ணன் மேடையேறும்போது நைசாக முன்னே போய்விடுவது என்று திட்டம் போட்டுக்கொண்டேன்.

கல்லூரி மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நடுவரிசையில் இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் என்று எஞ்சினியர்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். நான்காவதாக அண்ணனின் பேண்டு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த கறுப்பு பூட்ஸ், பண்டிகைக்குத் தைத்த பளபளப்பான சட்டை, தலையில் படிய வாரிய எண்ணெய். எனக்குப் பக்கத்திலிருந்த டெல்லிக்காரன், "இவர்கள் மேஜை நாற்காலி தூக்க வந்தவர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

எஞ்சின் பாட்டைத்தான் ஆரம்பித்தார்கள். வேகமான பாட்டுக்குக் காத்திருந்த கூட்டம் முதலில் குழம்பியது. பிறகு பாட்டின் வார்த்தைகள் கேட்க ஆரம்பித்ததும் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டது. பின்னால் யாரோ அதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். மூன்றாவது நிமிடத்தில் அண்ணன் டப்பாவை மிதித்தார். உறுமல் வந்தது, கரகரவென்று இழுத்தது, நின்றுபோனது. கிட்டாரே ஊமையாகிவிட்டது. அவர் மறுபடி மிதித்தார். ஒன்றுமில்லை.

உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. பேட்டரி ஒயரை அவசரத்தில் சரியாகப் பற்ற வைக்கவில்லை, அடுத்த வாரம் சரிசெய்யலாம் என்று விட்டிருந்தேன். மேலே ஏறியிருந்தால் ஒயரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாவது பாட்டை முடிக்க வைத்திருக்கலாம்.

அண்ணன் நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு முதல் வரிசையில் தேடினார். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை. என்னைத்தான் தேடினார்.

கூட்டம், "நக்கோ! நக்கோ!", வேண்டாம் வேண்டாம் என்று கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தது. டெல்லிக்காரன் என் தோளில் இடித்து, "உங்கள் ஆட்கள்தானே, உன் பாஷையில் ஏதாவது சொல்லு" என்றான். மற்றவர்களும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, பலம்கொண்ட மட்டும் கத்தினேன்.

"போதும்ணே, எறங்குங்க! போய் ஒர்க்‌ஷாப்புல சம்மட்டி அடிங்க!"

அர்த்தம் புரியாமலே என் மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள். மேடையில் அண்ணன் தலையை நிமிர்த்தினார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் தமிழில் கத்தியவன் நான் ஒருவன். அதிலும் பழக்கதோஷத்தில் 'அண்ணே' என்று வேறு கூப்பிட்டிருந்தேன். சட்டென்று உட்கார்ந்து முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னே தலையைத் தாழ்த்திக்கொண்டேன். அவர்கள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் கூட்டத்துக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணன் டப்பாவை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டதும் பின்கட்டு வழியாகப் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள்.

"நான்தான் பலமா மிதிச்சிட்டேன் போல. கொஞ்சம் பாத்துக் குடு தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. துணிப்பையை மடித்தபடி, "சனிக்கிழமை வந்திருந்தியா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வழியை அவர் எனக்குத் திறந்துவிட்டிருக்க முடியாது.

"இல்லண்ணே. ஓவர்டைம் போட்டுட்டாங்க. வர முடியல."

"ஹவ்வா?" என்றார், அப்படியா என்பதுபோல. என்னையே பார்த்தார்.

காப்பி கொண்டுவந்த அம்மா, "சனிக்கிழமை ஏதுல ஓவர்டைம்? புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டு காலேஜுல பாட்டுன்னுல்லா சொல்லிட்டுப் போன?" என்றாள்.

நான் டப்பாவின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அது தரையில் விழுந்து உருண்டது. அதைக் குனிந்து எடுத்து என் கையில் வைத்தது அண்ணன்தான்.

"பாதி வழியில ஆள் விட்டுக் கூப்பிட்டிருப்பாங்கம்மா. கம்பெனி வேலைன்னா அப்படித்தான்" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு காப்பி நன்றாயிருக்கிறது என்றார். ஒயரைப் பற்ற வைத்துக் கொடுத்தேன். வாசல்வரை போனேன். சைக்கிளில் ஏறுமுன், "ஞாயித்துக்கிழமை வா" என்று மட்டும் சொன்னார்.

நான் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. போனால் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டால் அந்தப் பொய்யையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாரமும் அது கடினமாகிக்கொண்டே போனது. கேன்டீனில் என் நாற்காலி பத்திரமாக இருந்தது. நான் தமிழில் கத்தியதை அவர்கள் பல நாள் நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். வீட்டில் கேசட் போடுவதை நிறுத்தினேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு அம்மா, "உடம்புக்கு முடியலையாலே?" என்று கேட்டாள்.

நாலைந்து மாதம் கழித்து அண்ணனுக்குத் திருச்சிப் பக்கம் மாற்றலாகிவிட்டது என்றும், வரும் ஞாயிறு கடைசியாக வாசிக்கிறார்கள் என்றும் சர்ச்சில் ஒருவர் சொன்னார். அன்றைக்குப் போனேன். ஹாலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பூட்டினேன். உள்ளே ஆரம்பித்துவிட்டிருந்தது. சுவர் வழியாகவே அது என் வயிற்றுக்கு வந்துசேர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் கிலுகிலுவென்று ஆடின. இவ்வளவு நாள் இது இல்லாமல் எப்படி இருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

படியில் அண்ணனின் மனைவி கைக்குழந்தையோடு நின்றிருந்தார். சத்தத்துக்குக் குழந்தை பயப்படுகிறது என்று வெளியே வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி. ஏன் இங்கயே நின்னுட்டீங்க? நீங்க வருவீங்கன்னுதான் அவரு முன்னாடி ஒரு சேரை யாரையும் உக்கார விடாம வெச்சிருக்காரு. உள்ள போங்க."

கணவர் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"சைக்கிளைப் பூட்டிட்டு வந்துடறேன் அண்ணி" என்றேன்.

சைக்கிள் பூட்டித்தான் இருந்தது. மரத்தடிக்குப் போய் அதைத் திறந்தேன். காலனி கேட்டைத் தாண்டும்வரை உருட்டிக்கொண்டே போனேன், மணியடித்துவிடக் கூடாதே என்று ஒரு கையால் மணியைப் பொத்தியபடி. திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே அண்ணி எவ்வளவு நேரம் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரமே அவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள். விலாசத்தை யாரிடம் கேட்டாலும் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.