மோகனாவின் புகைக் கணக்கு

மோகனா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஆட்களைப் பார்ப்பதில்லை. நேரே சமையல்கட்டுக்குப் போய், அடுப்புக்கு மேலே இருக்கும் சுவரை ஆட்காட்டி விரலால் ஒரு இழுப்பு இழுத்து, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோகிறாள்.

"இன்னாக்கா, கேஸுலதான் சமைக்கிறேன்னு சொன்ன? இது வேலிக்காத்தான் வெறகு வாசனையாச்சே."

வீட்டுக்காரி வெட்கத்தோடு சிரிக்கிறாள். "வெந்நிக்கு மட்டும்மா."

"வெந்நில கொழம்பு வாசனை வருது?"

இருவரும் சிரித்த பிறகுதான் உண்மை வெளியே வரும். மோகனாவின் வேலை பாதி இப்படித்தான் நடக்கிறது. ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் பல வருஷம் மெஷினில் உட்கார்ந்து மேல்பாகம் தைத்தவள். தோலை முகர்ந்தே ஆடா மாடா என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்கோடுதான் இப்போது ஆபீஸ் பக்கம் வந்திருக்கிறாள். ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு கேள்வி கேட்டிருந்தது: உங்கள் தொழிலாளர்கள் வாழ்வதிலும் வேலைக்கு வந்து போவதிலும் எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது? டவுனில் இருப்பவர்களுக்கு எவ்வளவு, கிராமத்தில் இருப்பவர்களுக்கு எவ்வளவு? மேலதிகாரி ஆல்வின் அதைக் 'கார்பன் தடம்' என்று விளக்கினார். மோகனா வாயில் அது 'புகைக் கணக்கு' ஆகிவிட்டது. இப்போது ஆல்வினும் அப்படித்தான் சொல்கிறார்.

முதல் சுற்றில் எல்லாரும் பொய் சொன்னார்கள். விறகு என்று சொன்னால் சிலிண்டர் மானியம் நின்றுவிடும் என்று மாதனூர் பக்கத்துக் கிராமங்களில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அங்கே அத்தனை வீட்டிலும் கேஸ். வண்டி இருக்கிறது என்று சொன்னால் கம்பெனி லோன் தராது என்று ஆம்பூரில் ஒரு பேச்சு. அங்கே அத்தனை பேரும் நடந்து வருகிறவர்கள். கம்பெனி கேட்டுக்குப் பின்னால் பிரியாணிக் கடைச் சந்தில் வரிசையாக நின்ற ஸ்கூட்டிகளின் சைலன்சரை மோகனா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சுட்டன. "நடந்து வந்த வண்டிங்க" என்று ஆல்வினிடம் சொன்னாள்.

அவள் மாதனூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு ஆம்பூரில் மாடி வீட்டு வாசம். புகை யாருக்குக் கம்மி, டவுனுக்கா ஊருக்கா என்ற இந்தப் பந்தயத்தில் ஊர்தான் ஜெயிக்கும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். விசாரிக்க விசாரிக்க அந்த உறுதி கலைந்தது. ஆனால் அதில் அவளுக்கு வருத்தத்தைவிட வேடிக்கைதான் ஜாஸ்தி. ஊரில் ஒரு கட்டு கொத்தமல்லிக்கு மெயின்ரோடு வரை பைக்கை முறுக்குகிறார்கள். இலவச கரண்டில் ஓடும் மோட்டாரை நிறுத்த மறந்து தூங்குகிறார்கள். டவுனில் ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்கிறது, ஒரே மோட்டாரில் ஐந்து வீடு தண்ணீர் ஏற்றிக்கொள்கிறது. ஆனால் அதே வீட்டில் தவணையில் வாங்கிய ஏசி விடிய விடிய ஓடுகிறது.

"ஊர்ல புகை கண்ணுக்குத் தெரியுது சார். டவுன்ல கரண்டு கம்பிக்குள்ள ஒளிஞ்சுக்கினு வருது" என்றாள்.

விறகுக்கு இந்தக் கணக்கில் கம்மியாகத்தான் போடுவார்கள், வெட்டிய மரம் திரும்ப வளரும் என்பதால், என்று ஆல்வின் சொன்னபோது மட்டும் அவளுக்கு ஒப்பவில்லை. "மரம் வளர்றது காட்டுல. கண்ணு எரியறது எங்க அம்மாவுக்கு."

வீட்டிலும் அவள் சும்மா இருப்பதில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் ஹோமகுண்டத்தையே அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க, கணவர் செல்வகுமார் காதோரம் குனிந்து, "ஐயரு கிட்ட போயி எவ்ளோ நெய்னு கேட்டுடாத தாயி" என்றாராம். அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தாள்.

கடைசியில் தொகை போட்டபோது, வீட்டளவில் ஊரும் டவுனும் கிட்டத்தட்ட சமமாக நின்றன. ஊரைக் கவிழ்த்தது கம்பெனி பஸ். காலையில் ஆம்பூர் ஷெட்டிலிருந்து கிராமத்துக்குக் காலியாகப் போகிறது. ஆள் ஏற்றி வருகிறது. சாயங்காலம் ஆளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. டிரிப் ஷீட்டில் எழுதியிருக்கும் தூரப்படி பாதி ஓட்டம் வெறும் ஓட்டம். ஆல்வின் அந்தத் தொகையை மேலிடத்தில் காட்டிவிட்டு வந்தார். அடுத்த மாதத்தோடு அந்த பஸ்ஸை நிறுத்திவிடலாம், கம்பெனிக்குப் பின்னாலேயே பெண்களுக்கு ஹாஸ்டல் கட்டிவிடலாம் என்று மேலே பேச்சு முடிந்துவிட்டது என்றார்.

அந்த எண்களை நிரப்பியவள் மோகனா. சேதி பரவியதும் தையல் வரிசையில் இருக்கும் சோபனா கேன்டீனில் பிடித்துக்கொண்டாள்.

"ஹாஸ்டலுக்கு நான் எப்படிக்கா வர்றது? பையனை டிபன் பைல போட்டுக்கினு வரவா?"

மோகனா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பஸ்ஸு ஊட்டாண்ட வந்து நிக்கிறதாலதான் எங்க ஊட்டுக்காரரு வாய மூடிக்கினு கீறாரு. அது நின்னா நானும் நின்னேன். புகை மோந்தது போதும்க்கா, இத்தையும் கொஞ்சம் மோந்து பாரு."

வேறு யாராயிருந்தாலும் சங்கடப்பட்டுக்கொண்டு அதோடு விட்டிருப்பார்கள். மோகனாவுக்கு அந்தக் காலி பஸ்ஸைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்றாகிவிட்டது. அம்மா வீட்டில் தங்கி, விடியலுக்கு முன்னே சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு, பஸ் வரும் பாதையைப் பார்த்து நின்றாள். பஸ் வரவில்லை. அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. ஊர்க்கோடிப் புங்கமரத்தடியில், முன்கண்ணாடி முழுக்கப் பனி படிந்து நின்றது. இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது.

டிரைவர் கலீமுல்லா துணியோடு வந்தவர், அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பாய், இது நைட்டெல்லாம் இங்கியேவா நிக்குது?"

"மொதல்ல கண்ணாடியத் தொடைச்சிடறேன்மா. பனியப் பார்த்தா நைட்டு இங்கியே நின்னது யாருக்கும் தெரிஞ்சிடும்."

அவருக்கு வீடு பக்கத்துக் கிராமம். பஸ் ராத்திரியில் ஷெட்டில்தான் நிற்க வேண்டும் என்பது கம்பெனி விதி. "நடு ராத்திரில எழுந்து ஆம்பூர் போயி, காலி பஸ்ஸை உருட்டிக்கினு எங்க ஊரு பக்கமே வரணுமா? எதுக்கும்மா இந்த பேஜாரு?" என்றார். டீசலில் அவர் ஒரு சொட்டு தொடவில்லை. டிரிப் ஷீட்டில் இருந்த தூரத்துக்கு வண்டி கம்மியாகக் குடித்தது, அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல மைலேஜ் எடுக்கும் டிரைவர் என்று மேடைக்குக் கூப்பிட்டுக் குக்கர் கொடுத்தார்கள். அவர் மனைவி ஹலீமா பீ அதில்தான் தினமும் சோறு வைக்கிறார்.

ஆக, ஆல்வினின் கணக்கில் இருந்த வெறும் ஓட்டம் ரோட்டில் ஓடவே இல்லை. அதைச் சொன்னால் ஊர் தப்பிக்கும், பஸ் தப்பிக்கும், சோபனா வேலையில் இருப்பாள். ஆனால் விதியை மீறியவர் என்று கலீமுல்லா வேலை போய்க் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டி வரலாம்.

"உங்களக் கேக்காம வாயத் தொறக்க மாட்டேன் பாய்" என்றாள் மோகனா.

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த வாரம் மோகனா எந்தச் சுவரையும் தொடவில்லை, எதையும் முகரவில்லை. ஆல்வின்கூட உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். பிறகு ஒரு சாயங்காலம், பஸ் படிக்கட்டருகே கலீமுல்லாவே கூப்பிட்டார்.

"சொல்லிடும்மா."

"யோசிச்சுச் சொல்லுங்க பாய்."

"யோசிச்சுட்டேன். பஸ்ஸே இல்லன்னா அத்த எங்க நிறுத்துனா இன்னா? குக்கரத் திருப்பிக் கேக்காம இருந்தா சரி. ஹலீமா குடுக்க மாட்டா."

மோகனா சொன்னாள். ஆல்வின் நம்பவில்லை. மைலேஜ் பரிசு வாங்கியவரா இப்படி என்றார். அவள் அந்த மைலேஜ் எப்படி வந்தது என்று விளக்கியபோது டிரிப் ஷீட்டை எடுத்து மறுபடி பார்த்தார். "நான் வந்து நேர்ல பார்க்கிறேன். பார்த்துட்டுத்தான் மேல பேசுவேன். பாய் விஷயத்துல இன்னா ஆகும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார்.

மறுநாள் விடியலில் புங்கமரத்தடியில் டிபன் பைகளோடு பெண்கள் கூடியிருந்தார்கள். சோபனா இடுப்பில் பையன், தூக்கம் கலையாமல். ஹைவேயிலிருந்து ஊர்ப்பாதைக்கு ஆல்வின் வரும் காரின் விளக்கு திரும்பியது.

வழக்கமான வேளை என்பதால் கலீமுல்லாவின் கை தானாக டிரைவர் ஜன்னலில் தொங்கிய துணியை எடுத்துவிட்டது. பனிக்கண்ணாடி வரை போயும்விட்டது. மோகனா அவர் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். அவர் நெருங்கி வரும் விளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், துணியைக் கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.